அரண்மனை பார்க்கக் கிளம்புகிறீர்களா? கைடு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

அரண்மனை வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் எதிரே வருகிறவர் கைடுதான். "சார், ஒரு மணி நேரம், எல்லாத்தையும் சுத்திக் காட்டிடறேன்" என்பார். கூட்டிக்கொள்வதா வேண்டாமா என்று அந்த இடத்தில் நின்றுதான் பெரும்பாலானவர்கள் முடிவெடுக்கிறார்கள். மேலே வெயில், பின்னால் குடும்பம், கழிப்பறை எங்கே என்று கேட்கும் குழந்தை. அந்த நெருக்கடியில் வாயில் வருகிற பதில் சரியாக இருப்பது அதிர்ஷ்டம். முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

முடிவெடுக்கப் பணத்தைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. குடும்பமாகப் போகும்போது கைடுக்குக் கொடுப்பது மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதிதான். பார்க்க வேண்டியது ஒன்றே: நீங்கள் போகிற அரண்மனை யாரும் விளக்காமலே எவ்வளவு புரியும்? ஊர் பெரிதாக, பெயர் பெரிதாக இருந்தால் கைடு அவசியம் என்று நினைக்கிறோம். என் கணக்கில் அது தலைகீழ். பளபளவென்று பராமரிக்கப்படுகிற மைசூருக்குக் கைடு அவ்வளவு தேவையில்லை. பாதி இடிந்து, பாதி அலுவலகமாகிக் கிடக்கிற தஞ்சாவூருக்குத்தான் தேவை. நம்மவர்கள் அதிகம் போகிற நான்கு அரண்மனைகளை வைத்துச் சொல்கிறேன்.

பத்மநாபபுரம்: வெளியிலிருந்து ஆள் வேண்டாம்

திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் இது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையில் தக்கலையில் இறங்கினால் இரண்டு கிலோமீட்டர் தூரம், ஆட்டோ கிடைக்கும். ரயிலில் வருகிறவர்களுக்கு இரணியல் பக்கம்.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மண் இந்தப் பக்கம் வந்தது. அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. வரலாற்றுச் செய்திதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், உங்கள் பயணத்தையே பாதிக்கும். விடுமுறை நாட்கள் கேரளக் கணக்கில் வரும். திங்கட்கிழமை மூடியிருக்கும். ஓணம் சமயத்தில் போவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை இடைவேளை. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்து, குளித்து, சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்கு வந்து சேர்கிற கூட்டத்தை எப்போதும் பார்க்கலாம். அவர்கள் பாதி அரண்மனையை ஓட்டமும் நடையுமாகப் பார்ப்பார்கள். காலை ஒன்பதுக்கே வாசலில் நில்லுங்கள்.

இங்கே வெளியிலிருந்து கைடு வேண்டாம் என்பதற்குக் காரணம், உள்ளே பல பகுதிகளில் ஊழியர்களே நின்று விளக்குகிறார்கள். தமிழிலும் சொல்வார்கள், மலையாளம் கலந்த அந்தக் குமரித் தமிழைக் கேட்பதே ஒரு சுகம். ஆனால் கும்பல் சேர்ந்தால் ஒப்பிக்கிற வேகத்தில் சொல்லி அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார்கள். முன்னால் போகிற கும்பலைப் போகவிட்டு, பின்னால் நின்று கேளுங்கள். "அண்ணே, இது எந்த மரம்?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், பேச்சு தானாக வரும்.

பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், நின்றதும் எல்லோரும் நாற்காலியைப் பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். மரக் கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அங்கேயே குதிரை வீரன் உருவத்தோடு ஒரு தொங்கு விளக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும் என்று ஊழியர் காட்டுவார். அடுத்து மாடியில் மந்திரசாலை, அரசர் ஆலோசனை நடத்திய கூடம். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண மைக்கா. வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே வந்து சேரும்போது மங்கிய மஞ்சளாக, சிவப்பாகத் தரையில் விழும். தரை கருப்பாகக் கண்ணாடிபோல மின்னும். எரித்த சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள். செருப்பை வாசலில் கழற்றச் சொன்னதற்கு முணுமுணுத்தவர்களெல்லாம் இங்கே வந்ததும் அமைதியாகிவிடுவார்கள். காலுக்கு அப்படி ஒரு குளுமை.

ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாமாம். மாடியில் ஆயிரம், கீழே ஆயிரம். சீன ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்தால் நம்பத் தோன்றும். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா கட்டிய நான்கு அடுக்கு உப்பரிகை மாளிகையில் மூலிகை மரங்களால் செய்த கட்டில் இருக்கிறது. அதன் மேல் அடுக்கில் சுவரோவியங்கள். அது மூடியிருந்தால் கைடு வைத்தவருக்கும் திறக்காது, சண்டை போட வேண்டாம்.

முக்கியமான ஒன்று: வழி ஒருவழிப் பாதை. அம்புக்குறி காட்டுகிற பக்கம் போய்க்கொண்டே இருப்பீர்கள். 'அப்புறம் வந்து நிதானமாகப் பார்த்துக்கலாம்' என்று எதையும் தள்ளிவைக்காதீர்கள்.

நேரம் இருந்தால் நாகர்கோவில் திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கு ஒரு எட்டு போய்வாருங்கள். 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது சிறைப்பட்டவர் டி லன்னாய். பிறகு அதே அரசருக்குப் படைத்தலைவராகி, இங்கேதான் அடக்கமானார். இந்தக் கல்லறையைப் பார்த்தால் அரண்மனையில் கேட்ட டச்சுக் கதைகள் ஓர் இடத்தில் வந்து சேரும்.

மைசூர்: தனியாகப் போகலாம், நாளைத் தேர்ந்தெடுத்து

இப்போது நாம் பார்க்கிற அம்பா விலாஸ் அரண்மனை அவ்வளவு பழசல்ல. முன்பிருந்த மர அரண்மனை 1897-இல் அரச குடும்பத் திருமணத்தின்போது தீயில் போனது. ஹென்றி இர்வின் வரைந்து கொடுத்த இந்தக் கட்டடம் 1912-இல் முடிந்தது. சென்னைக்காரர்களுக்கு இர்வின் புதியவர் அல்ல. எழும்பூர் கன்னிமாரா நூலகக் கட்டடம் அவர் கைவேலைதான். அந்த மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு மைசூரில் நுழைந்ததும் எங்கோ பார்த்த முகம் மாதிரி இருக்கும்.

கைடு இல்லாமல் போக இது தோதான இடம். அறைகள் வரிசையாக வரும், பலகைகள் இருக்கின்றன, ஆடியோ கைடு கிடைக்கிறதா என்று டிக்கெட் கவுண்ட்டரில் கேட்டுப் பாருங்கள். பொம்மைத் தொட்டி என்கிற பொம்மை மண்டபத்தில் தொடங்கி, யானை வாசல், கல்யாண மண்டபம், மாடியில் பொது தர்பார், பிறகு அம்பா விலாசம் என்ற தனி தர்பார் என்று ஓட்டம் தானாக இழுத்துக்கொண்டு போகும். தசரா ஊர்வலத்தில் யானை சுமக்கிற தங்க அம்பாரியையும் வழியில் பார்க்கலாம்.

நிற்க வேண்டிய இடம் கல்யாண மண்டபம். எண்கோண மண்டபம், தலைக்கு மேல் மயில்கள் விரிந்த வண்ணக் கண்ணாடிக் கூரை. கண்ணாடியும் இரும்புத் தூண்களும் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. கூட்டம் முழுக்க மேலே செல்போனைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சுவர் ஓரம் ஒதுங்குங்கள். சுற்றிலும் தசரா ஊர்வல ஓவியங்கள், மொத்தம் 26. யானை, குதிரை, பாண்டு வாத்தியம், கொடி தூக்குபவர்கள், வேடிக்கை பார்க்கும் ஜனங்கள். ஒவ்வொரு முகமும் தனி முகம். கைடோடு வருகிற கும்பல் இங்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. இருபது நிமிடம் வேண்டிய இடம் இது. மைசூருக்குத் தனியாகப் போகச் சொல்வதற்கு எனக்கு இந்தச் சுவர்கள் மட்டுமே போதும்.

ஞாயிற்றுக்கிழமையும் தசரா விடுமுறையும் தவிர்க்க வேண்டியவை. அன்றைக்கு நீங்கள் பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகைத்தான். சிக்கல் என்னவென்றால் ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களின் மாலையில்தான் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் எரிகிற அந்த விளக்கு அலங்காரம் நடக்கும். சனிக்கிழமை வந்து தங்கி, ஞாயிறு மாலை விளக்கை மட்டும் வெளி மைதானத்தில் நின்று பார்த்து, திங்கள் காலை திறக்கிற நேரத்துக்கு உள்ளே போவது நல்ல ஏற்பாடு. ஒரே நாளில் முடிக்க வேண்டியவர்கள் ஞாயிறு காலை முதல் ஆளாக நுழைந்துவிடுங்கள்.

மைசூரில் ஒரு பழைய தந்திரம் உண்டு. "இன்னைக்கு அரண்மனை மத்தியானத்துக்கு மேலதான் திறப்பாங்க, அதுவரைக்கும் மார்க்கெட் காட்டறேன் வாங்க" என்று யாராவது சாலையோரத்தில் அன்பாகச் சொன்னால் சிரித்துவிட்டு நடங்கள். வராக வாசல் டிக்கெட் கவுண்ட்டர் வரை போய் உங்கள் கண்ணால் பார்த்த பிறகு நம்பினால் போதும். அந்த மார்க்கெட் பயணம் முடிகிற இடம் ஊதுபத்திக் கடையோ பட்டுக் கடையோதான்.

தஞ்சாவூர்: இங்கே காசு கொடுங்கள்

"ராஜராஜ சோழன் இங்கதானே இருந்தாரு?" அரண்மனை வளாகத்துக்குள் இந்தக் கேள்வி காதில் விழாத நாளே இருக்காது. இல்லை. சோழர் அரண்மனை எதுவும் இங்கே நிற்கவில்லை. நாயக்கர்கள் பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கி, 1676 முதல் 1855 வரை ஆண்ட மராத்தியர்கள் சேர்த்துக் கட்டிய வளாகம் இது. எந்தத் தூண் நாயக்கர், எந்த வளைவு மராத்தியர், எது பின்னாளில் பூசியது என்று பலகைகளை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. இடையிடையே அரசு அலுவலகங்கள், பூட்டிய கதவுகள். பகுதிக்கு ஒரு டிக்கெட் என்று வேறு வாங்க வேண்டியிருக்கும். முதல் தடவை போகிறவர் தனியாகப் போனால் தர்பார் மண்டபத்தின் வண்ணத் தூண்களில் படம் எடுத்துக்கொண்டு, "இவ்வளவுதானா" என்று வெளியே வந்துவிடுவார். அப்படி வந்தவர்கள் நிறையப் பேர்.

எனவே இங்கே கைடு வையுங்கள், முழுவதற்கும் வேண்டாம். தர்பார், மணி மண்டபம், ஆயுதக் கோபுரம், சங்கீத மகால் இவற்றுக்கு மட்டும். நல்ல கைடு பெரிய கோயில் வாசலில் எளிதாகக் கிடைப்பார். கோயிலையும் அரண்மனையையும் சேர்த்து ஒரே ஆளிடம் பேசிவிடலாம். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரம் அரண்மனைக்குத் தோது.

கைடிடம் கணக்கை முடித்து அனுப்பிவிட்டு, அதே வளாகத்திலுள்ள கலைக்கூடத்துக்குத் தனியாகத் திரும்புங்கள். இங்கே ஒருவழிப் பாதைத் தொல்லை கிடையாது. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர், காளைமேல் கையூன்றி நிற்கும் சிவன், அங்கே இருக்கிறார். 1011-ஐச் சேர்ந்த செப்புத் திருமேனி. கால் மாற்றிப் போட்டு, வலது கையை ஏதோ ஒன்றின் மேல் சாவகாசமாக ஊன்றி நிற்கிறார். கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. காளை காணாமல் போய்விட்டது. ஆனால் அந்த மணிக்கட்டு தளர்ந்திருக்கிற விதத்தில் காளையின் உயரம், அதன் திமில், அது எவ்வளவு சாதுவாக நின்றிருக்கும் என்பதுகூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. தலையில் சடையைச் சுற்றித் தலைப்பாகைபோலக் கட்டியிருக்கிறார். பக்கவாட்டில் போய் நின்று முதுகையும் எட்டிப் பாருங்கள். யாரும் பேசாமல் இருக்க வேண்டிய இடம் இது. எவ்வளவு கெட்டிக்காரக் கைடானாலும் இங்கே இடைஞ்சல்தான்.

சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகள் இருக்கும் நூலகத்துக்குள் சுற்றுலாக்காரர்களை விட மாட்டார்கள். பக்கத்திலுள்ள சிறிய அருங்காட்சியகம்தான் நமக்கு. மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி சேர்த்த விசித்திரங்கள் அங்கே இருக்கின்றன: மனித முகங்களை விலங்கு முகங்களோடு ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சுப் படங்கள், சீனத் தண்டனை முறைகளைக் காட்டும் சித்திரங்கள். பிள்ளைகள் இங்கிருந்து நகர மாட்டார்கள். புதன்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1636-இல் கட்டியது, இன்று நிற்பது ஒரு பகுதிதான். ஒரு முற்றம், பிரமாண்டமான தூண்கள், பின்னால் ஒரு நாடகசாலை. கைடு வேண்டாம். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று குழந்தைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பொழுது போய்விடும்.

கைடு வைப்பதென்றால் வாசலில் பேச வேண்டியவை

முதலில் சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளவர்கள் கழுத்திலேயே மாட்டியிருப்பார்கள், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அடுத்தவரிடம் போங்கள்.

இரண்டாவது, தொகை தலைக்கா, குழுவுக்கா? ஐந்து பேர் குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம். வெளியே வந்த பிறகு "ஆளுக்குத்தான் சார் சொன்னேன்" என்று தகராறு வருவது இங்கேதான்.

அப்புறம் நேரம். "ஒரு மணி நேரம்" என்பார்கள், நாற்பது நிமிடத்தில் வெளியே நிற்பீர்கள். எந்தெந்த இடங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்களே இரண்டு இடத்தின் பெயரைச் சொன்னால் ("கல்யாண மண்டபத்துல கொஞ்சம் நிதானமா நிக்கணும்ங்க") படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரிந்துவிடும், சொல்லும் விதமே மாறும். மைசூரில் தமிழ் பேசும் கைடுகள் கிடைப்பார்கள்; தாத்தா பாட்டி கூட வந்தால் தமிழிலேயே கேளுங்கள். நீங்கள் இங்கிலீஷில் கேட்டு அவர்களுக்கு மொழிபெயர்ப்பதற்குள் அடுத்த அறை வந்துவிடும்.

"கடைக்கெல்லாம் வர மாட்டோம்" என்பதையும் சிரித்த முகத்தோடு அப்போதே சொல்லிவிடுங்கள். பணம் முழுவதும் கடைசியில். நன்றாகச் சொன்னவருக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பதில் தப்பில்லை, அவர்களுக்குச் சீசன் இல்லாத மாதங்களும் உண்டு.

கைடு சொல்வதில் எதை நம்புவது? சுரங்கப்பாதை என்று ஆரம்பித்தால் காதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். தென்னிந்தியாவில் சுரங்கப்பாதை இல்லாத அரண்மனையே கிடையாது. எல்லாச் சுரங்கமும் கோயிலுக்குப் போகும், இல்லாவிட்டால் இன்னொரு அரண்மனைக்குப் போகும், எல்லாவற்றையும் இப்போது மூடிவைத்திருப்பார்கள். ரசித்துக் கேளுங்கள், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஆண்டு, கட்டியவர் பெயர், கட்டப் பயன்படுத்திய பொருள் இவற்றை வாசல் பலகையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். நல்ல கைடைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: "அது எனக்குத் தெரியாதுங்க" என்று ஒரு தடவையாவது சொல்வார்.

பேக்கேஜ் டூரில் போனால்

பெங்களூரிலிருந்து மைசூருக்கு ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகளில் ஸ்ரீரங்கப்பட்டணம், சாமுண்டி மலை, அரண்மனை, பிருந்தாவனம் என்று எல்லாம் ஒரே நாளில் வரும். அரண்மனைக்குக் கிடைக்கிற நேரம் செருப்பு விடும் வரிசையையும் சேர்த்துத்தான். கன்னியாகுமரிப் பக்கப் பேக்கேஜ்களில் பத்மநாபபுரமும் இப்படித்தான் நடுவில் செருகப்பட்டிருக்கும். பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி: அரண்மனையில் எத்தனை மணிக்கு இறக்குவீர்கள், எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள்? நுழைவுக் கட்டணம் பேக்கேஜில் சேர்ந்ததா? ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் அரண்மனைக்காக அந்த டூரில் போகாதீர்கள், மற்ற இடங்களுக்காக வேண்டுமானால் போங்கள்.

ஆனாலும் மூட்டுவலியோடு வருகிற பெரியவர்களுக்கும், புது ஊரில் பஸ் மாறி மாறிப் போகத் தெம்பில்லாதவர்களுக்கும் பேக்கேஜ்தான் சௌகரியம். அப்படிப் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் டூர்க் கும்பலோடு சேர்ந்து ஓட வேண்டியதில்லை. வண்டி நம்பரைப் போனில் படம் எடுத்துவைத்து, டிரைவரின் எண்ணை வாங்கிக்கொண்டு, ஏறுகிற நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பிரிந்துவிடலாம். பத்மநாபபுரத்தில் படிகள் குறுகலாக, செங்குத்தாக இருக்கும், வாசல்களில் குனிய வேண்டும்; பெரியவர்களைப் பூமுகத்தோடும் கீழ்த்தளத்தோடும் உட்கார வைத்துவிட்டு மேலே போய்வாருங்கள். வெறுங்காலோடு முற்றங்களைத் தாண்டும்போது மதிய வெயிலில் கல் சுடும். பையில் ஒரு ஜோடி காலுறை இருந்தால் பாட்டி வாழ்த்துவார்.